அறுபது நாள் பச்சை

செப்டம்பர் 1, திங்கள்

பி.பி. 158/96.

தினமும் காலையில் கையில் பட்டையைச் சுற்றி அளந்து நோட்டில் எழுத வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. "நம்பர் மட்டும் போதாதுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதுங்க, கோபம் எங்கிருந்து வருதுன்னு பார்க்கலாம்" என்கிறார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். கோபம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நோட்டு எதற்கு? நாற்பத்திரண்டு சாயப்பட்டறைகளிலிருந்து குழாய் வழியாக வருகிறது. அந்தக் குழாய்கள் வந்து சேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நான் இன்சார்ஜ்.

இன்று புதிய தொட்டிகள் ஓடத் தொடங்கின. முதல் தொட்டியில் சாயத்தண்ணீரைத் தின்னும் கிருமிகள். நாங்கள் பூச்சி என்போம். அடுத்த தொட்டியில் சேமியா மாதிரி வெள்ளை இழைகள் லட்சக்கணக்கில் தொங்குகின்றன. பம்பு உறிஞ்சினால் தண்ணீர் மட்டும் இழைக்குள் போகும், பூச்சியும் சேறும் வெளியே நின்றுவிடும். பூச்சிகள் மூச்சுவிட அடியிலிருந்து பிளோயர் காற்று ஊதும். எவ்வளவு ஊதுவது என்பதைத் தொட்டிக்குள் தொங்கும் சென்சார் சொல்கிறது. ஆக்சிஜன் இரண்டுக்குக் கீழே போனால் பிளோயர் வேகம் பிடிக்கும், மேலே ஏறினால் அடங்கும்.

பேனல் மாட்டிய சென்னை இன்ஜினியர் ஜெரால்டு ஊருக்குக் கிளம்பும்போது சொன்னார்: "சார், இந்த சென்சார்தான் இதுக்குக் கண்ணு. இதுல கை வைக்காம இருங்க, மத்ததை அதுவே பாத்துக்கும்." பயிற்சி முடிந்தது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போட்டுக் கொடுத்தேன்.

அதே சென்சாரின் எண் வாசலில் இருக்கும் பெரிய மின்பலகையிலும் எரியும், சென்னையில் அதிகாரிகளின் திரையிலும் எரியும். சரியாக இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு. இன்றிலிருந்து அறுபது நாள் சோதனை ஓட்டம். ஒரு மணி நேரத்துக்கு மேல் சிவப்பு நின்றால் சோதனை தோல்வி, நாற்பத்திரண்டு பட்டறைகளுக்கும் பூட்டு. அறுபது நாளும் பச்சை என்றால் நிரந்தர அனுமதி.

செப்டம்பர் 4, வியாழன்

154/96.

இன்றைய கோபத்துக்குக் காரணம் துளசிமணி. பகல் ஷிப்ட் ஆபரேட்டர். பி.எஸ்ஸி. தாவரவியல். ஆறு வருடமாகக் கான்ட்ராக்ட்டில் இருக்கிறாள். சோதனை முடிந்ததும் நிரந்தரமாக்குவதாகப் பட்டறைக்காரர்கள் சங்கச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அந்த நினைப்பில் இரண்டு பேர் வேலையைச் செய்கிறாள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

புதுத் தொட்டிக்குப் பூச்சி வளர்க்க பதினைந்து நாளாக மாட்டுச்சாணமும் நாட்டு வெல்லமும் கரைத்து ஊற்றியதே அவள்தான். காலையில் வந்ததும் ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை மூக்குக்கு நேரே பிடித்து முகர்ந்து பார்ப்பாள். பிறகு ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுவாள். மணி மாதிரி வாயை விரித்துக்கொண்டு ஒரு காம்பில் ஆடும் பூச்சி ஒன்று உண்டு. மணிப்பூச்சி என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள். அது இருந்தால் தொட்டி நலமாம்.

"பன்னெண்டு இருக்குதுங் சார்!" என்று ஓடி வந்தாள். பிள்ளை பிறந்த செய்தி சொல்கிறவள் கூட இப்படிச் சிரிக்கமாட்டாள். அந்த நேரத்தில் பம்பு ரூமில் கசிவு. "பூச்சியை அப்புறம் கொஞ்சலாம், கசிவைப் பாரு" என்று கத்தினேன். பிறகு ரெஜிஸ்டரைப் பார்த்தால் பாதிக் கட்டம் காலி. அதற்கும் கத்தினேன். "கை பட்டதெல்லாம் எழுதணும். வால்வைத் தொட்டா எழுது. வாளியைத் தொட்டா எழுது. நாளைக்கு ஒருத்தன் கேட்டா ரெஜிஸ்டர்தான் பேசும்."

"சரிங் சார்" என்றாள். இன்று எழுதும்போதே கடைசிக் கட்டத்துக்குக் கீழே தானாக ஒரு கோடு போட்டு 'மணிப்பூச்சி: 12' என்று சேர்த்துவிட்டாள். அதற்கும் கத்தத் தெம்பில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

150/94. ஒன்றும் நடக்கவில்லை. இப்படி ஒரு நாள் இருந்தது என்று எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

166/100.

காலை பத்தே முக்காலுக்கு வாசல் பலகை சிவப்பு. தொட்டியில் ஆக்சிஜன் 0.4. பிளோயர் முழு வேகத்தில் அலறுகிறது, எண் ஏறவே இல்லை. துளசிமணி டம்ளரை முகர்ந்துவிட்டுச் சொன்னாள்: "ஹைட்ரோஸ் வந்திருக்குதுங் சார். மூணாம் நம்பர் லைனுங்."

ஹைட்ரோஸ் என்பது தவறாக ஏறிய சாயத்தைத் துணியிலிருந்து உரிக்கப் போடும் பொடி. தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் விழுங்கிவிடும். தனியாகப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும் என்பது விதி. மூன்றாம் நம்பர் லைன் செயலாளர் தெய்வசிகாமணியின் சொந்தப் பட்டறை. விதி எழுதியவரும் அவர்தான்.

போன் செய்தேன். "தீவாளி ஆர்டருங்க மாணிக்கசுந்தரம். ஒரு லாட்டு கலர் மாறிப்போச்சு, உரிச்சுத்தான் ஆகோணும். நீங்க கெட்டிக்காரர், எதாச்சும் பண்ணுங்க" என்றார். இந்தக் கெட்டிக்காரர் என்ற வார்த்தை எனக்கு ஆகாது. அதைச் சொன்னவர்கள் யாரும் எனக்கு நல்லது செய்ததில்லை.

ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் பத்து நிமிடத்தில் சோதனை தோல்வி. பெயிண்ட் வாளி ஒன்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. குடிதண்ணீர் கேனை அதில் கவிழ்த்தேன். சென்சாரைத் தொட்டியிலிருந்து தூக்கி வாளிக்குள் விட்டேன். எண் 6.9. பலகை பச்சை.

தொழிலில் இது புதிதல்ல. மீட்டர் என்பது வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக இருப்பது. நான் பார்த்த எல்லா நிலையத்திலும் ஒரு வாளி உண்டு. ஒரு மணி நேரத்துக்கு என்றுதான் வைத்தேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

162/98.

ரெஜிஸ்டரில் துளசிமணி எழுதியிருக்கிறாள், அச்சடித்த மாதிரி எழுத்தில்: 'காலை 11.35. சென்சார் வாளியில் வைக்கப்பட்டது. இன்சார்ஜ் உத்தரவு. மாலை 4.00. வாளித் தண்ணீர் மாற்றப்பட்டது.'

"என்னம்மா இது?"

"நீங்கதானுங் சார் சொன்னீங்க, வாளியைத் தொட்டாலும் எழுதுன்னு."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கிண்டல் வராது. விட்டுவிட்டேன். ரெஜிஸ்டரை யார் படிக்கிறார்கள்? பதினோரு வருடத்தில் ஒருவரும் புரட்டியதில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

152/94.

ஹைட்ரோஸ் தினமும் வருகிறது. ஆகவே வாளியும் தினமும். 6.9, 7.0, 6.8. எந்தக் கழிவுத் தொட்டியிலும் ஏழு வராது. ஏழு இருந்தால் அதில் மீனே வளர்க்கலாம். சென்னையிலிருந்து ஒருவர் கூடக் கேட்கவில்லை. 'சிறப்பான செயல்பாடு' என்று ஒரு கடிதம் வந்தது. செயலாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறார்.

கரண்ட் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாம். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நானும் தலையை ஆட்டினேன்.

மதியம் துளசிமணி வந்தாள். "பிளோயர் சத்தம் கொறஞ்சு போச்சுங் சார். முன்னெல்லாம் கேட் வரைக்கும் கேக்கும்."

"நல்லா ஓடுதுன்னு அர்த்தம். கரண்ட் மிச்சம்."

"பன்னெண்டு இருந்தது அஞ்சாயிருச்சுங்."

"பூச்சிக்கும் தீவாளி லீவு போலிருக்கு" என்றேன். சிரிக்கவில்லை. வாளித் தண்ணீரை மாற்றப் போய்விட்டாள். அதை மாற்றுவதை ஒருநாளும் மறப்பதில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

பி.பி. மிஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

"மண் வாசம் போயிருச்சுங் சார்" என்கிறாள். நல்ல தொட்டி மழை பெய்த காட்டு மண் மாதிரி மணக்கும், அது உண்மைதான். "அழுகின முட்டையாட்டம் அடிக்குதுங். நீங்க ஒருக்கா வந்து மோந்து பாருங்." எனக்குச் சளி. திரையில் 6.9 என்றுதானே இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த 6.9 எந்தத் தண்ணீருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. 130/80.

பேனல், பம்பு, பிளோயர் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். செயலாளர் குடும்பத்தோடு வந்து தேங்காய் உடைத்தார். பொரி, சுண்டல். துளசிமணி கிண்ணத்தோடு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவள், வாளி முன்னால் நின்றாள். அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

"அதுக்கு எதுக்கும்மா?" என்றார் செயலாளர்.

"இந்த மாசம் முச்சூடும் இதுதானுங்களே வேலை செஞ்சது" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர்தான் அதிகம் சிரித்தார். அவளுக்குக் கிண்டல் வராது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது தெரியவில்லை.

அக்டோபர் 4, சனி

130/80.

இன்று காலை அவள் என்னைக் கூப்பிடவில்லை. மைக்ராஸ்கோப்பை என் மேசைக்கே தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. காம்புகள் இருக்கின்றன, மணிகள் இல்லை.

"ஒண்ணுகூட இல்லீங் சார்."

அவளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, சென்சாரை வாளியிலிருந்து எடுத்துத் தொட்டிக்குள் விட்டேன். 0.0. தண்ணீர் டீ நிறத்தில் இருக்க வேண்டியது, தார் நிறத்தில் இருந்தது. பிளோயர் பக்கம் போய்க் கையை வைத்தேன். தூங்கும் ஆளின் மூச்சளவு காற்று.

அப்போதுதான் ஜெரால்டு சொன்னது முழுதாக உறைத்தது. ஆக்சிஜன் ஏழு என்று வாளி சொல்லியிருக்கிறது. ஏழு இருக்கும் தொட்டிக்குக் காற்று எதற்கு என்று பிளோயர் அடங்கியிருக்கிறது. பத்தொன்பது நாளாக. கரண்ட் மிச்சமானது அதனால்தான். வாளியின் எண்ணைச் செயலாளர் நம்பவில்லை, நான் நம்பவில்லை, துளசிமணி நம்பவில்லை. அதிகாரிகள் நம்பினார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். அதைச் சத்தியமாக நம்பியது அந்த இயந்திரம் ஒன்றுதான்.

இருபத்தெட்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். பயிற்சித் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். மீட்டர் பார்க்கிறவர்களுக்காக மட்டும்தான் என்று நினைத்துவிட்டேன். அதை இன்னொன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றவே இல்லை.

சென்சாரைத் தொட்டியிலேயே விட்டால் பலகை சிவப்பு. பிளோயரைக் கையால் ஓட்டலாம் என்றால், தானியங்கியிலிருந்து எடுத்த நொடியே அதுவும் சென்னையில் சிவப்பாகத் தெரியும். இன்னும் இருபத்தாறு நாள். நாற்பத்தெட்டாவது நிமிடத்தில் சென்சாரை மீண்டும் வாளியில் வைத்தேன். துளசிமணி டீ குடித்துவிட்டு வந்துவிட்டாள். நான் வைத்ததைப் பார்த்தாள்.

"அப்ப இனி என்னங் சார் பண்றது?"

"சாணி கரைச்சு ஊத்து" என்றேன்.

ஊற்றினாள். மூச்சு நின்றதுக்குச் சோறு ஊட்டச் சொன்னேன், அவளும் ஊட்டினாள்.

அக்டோபர் 7, செவ்வாய்

130/80. சேறு இழைகளில் அப்பிக்கொண்டது. பம்பு இழுக்கிறது, தண்ணீர் வரமாட்டேன் என்கிறது. வருகிற கொஞ்சமும் நீலமாக வருகிறது.

அக்டோபர் 9, வியாழன்

130/80.

எல்லாத் தொட்டியும் விளிம்பு வரை. உள்ளே வருவதை நிறுத்துங்கள் என்று செயலாளரிடம் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்கிறேன். "தீவாளிக்குப் பத்து நாள் இருக்கறப்ப பட்டறையை நிறுத்தச் சொல்றீங்களா? மேக்கால மேகம் கட்டிருக்குது. மழை வந்தா ஓடையில தண்ணி வரும். மழைத்தண்ணி வால்வு ஒண்ணு இருக்குதில்ல?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. நான் "சரிங்க" என்ற பிறகுதான் வைத்தார்.

துளசிமணியிடம் சொன்னேன்.

"ஓடைக்குங்களா?" என்றாள். அந்த ஓடை அவள் ஊரான வேலாங்காட்டுப்புதூர் குட்டையில் போய் விழுகிறது. ஒன்றரை கிலோமீட்டர்.

"மழையோட மழையாப் போயிரும்."

"எழுதிக் குடுங் சார்."

"ஏம்மா, ஆறு வருஷமா எம் பேச்சை நம்பி வேலை பாக்கலையா நீ? இருபது நாள்ல உனக்கு நிரந்தர ஆர்டர் வரப்போகுது, இப்பப் போயி எழுதிக் குடுங்கறே."

கையைத் துடைத்துக்கொண்டு வால்வு பக்கம் போனாள்.

மாலை மூன்று மணிக்கு வால்வு திறக்கப்பட்டது.

மழை வரவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

130/80.

குட்டை முழுக்க மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது. ஜிலேபி, கெண்டை, எல்லாம். தண்ணீர் குடித்த இரண்டு எருமைகள் எழுந்திருக்கவில்லை. வேலாங்காட்டுப்புதூர்க்காரர்கள் செத்த மீனைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டிவிட்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மீன் குவியலுக்கு நேர் மேலே மின்பலகை. ஆக்சிஜன் 6.9. பச்சை.

துளசிமணி கேட்டுக்கு உள்ளே நின்றாள். அவள் ஊர்க்காரர்கள் வெளியே நின்றார்கள். ஒரு அம்மாள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ உள்ளதான நிக்கறே, என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்று கேட்டார். இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன். மறுமுனையில் யாரும் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

செயலாளர் வீட்டில் காபி. வக்கீல் ஒருவரும் இருந்தார். விஷயம் எளிது என்கிறார் வக்கீல். நாற்பது நாளாக எண்கள் எல்லாம் பச்சை. சென்னையில் பதிவாகியிருக்கிறது. ஆகவே நிலையத்தில் குறை இல்லை. குறை இல்லாத நிலையத்திலிருந்து கழிவு வெளியே போயிருக்கிறது என்றால், யாரோ திறக்கக் கூடாத வால்வைத் திறந்திருக்கிறார்கள்.

"திறந்தது யாரு?" என்று வக்கீல் கேட்டார். யார் சொல்லித் திறந்தார்கள் என்று கேட்கவில்லை. நல்ல வக்கீல்.

செயலாளர் என் தோளில் கை போட்டார். "நீங்களே திறந்தீங்கன்னு ஆச்சுன்னா, வாளி வரைக்கும் வந்துரும். அப்புறம் உங்களையும் காப்பாத்த முடியாதுங்க. அந்தப் புள்ளைக்கு நாம பின்னால எதாச்சும் செஞ்சுக்கலாம். ரெஜிஸ்டர் எங்க இருக்குது?"

பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். காலியான புது ரெஜிஸ்டர் ஒன்றும்.

130/80.

அக்டோபர் 14, செவ்வாய்

து. மணி  து. மணி  து. மணி
து. மணி  து. மணி
து. மணி

'ணி'யின் கொக்கி அவளுக்கு உள்பக்கமாகச் சுருள்கிறது. எனக்கு வெளியே போகிறது.

து. மணி  து. மணி  து. மணி  து. மணி

அக்டோபர் 16, வியாழன்

முடிந்தது. ஞாயிறுகள் போக முப்பத்தைந்து பக்கம். கை வலிக்கிறது. வாளி எங்கும் இல்லை, ஹைட்ரோஸ் எங்கும் இல்லை. அக்டோபர் ஒன்பதாம் தேதிக்கு மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: 'மாலை 3.00. வால்வு சோதனைக்காகத் திறக்கப்பட்டது.' சோதனை என்ற வார்த்தை வக்கீல் கொடுத்தது.

அவளுடைய பக்கங்களில் அடியில் மணிப்பூச்சிக் கணக்கு இருக்கும். அதை விட்டால் புத்தகம் அவளுடையது மாதிரி இருக்காது. ஆகவே அதையும் எழுதினேன். 12, 11, 12, 13, 12.

பழைய ரெஜிஸ்டர் வெந்நீர் அடுப்பில். மனைவி சரோஜினி, "என்னங்க, தண்ணி இன்னைக்கு இப்படிக் கொதிக்குது?" என்றாள். நன்றாகக் குளித்தேன். 130/80.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. செயலாளர் வீட்டிலிருந்து இரண்டு கிலோ இனிப்பு. துளசிமணியின் மேல் வழக்குப் பதிவாகிவிட்டது. நீர்நிலையில் நஞ்சு கலந்தது, பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து விளைவித்தது. போலீஸ் ஒருநாள் வைத்திருந்து ஜாமீனில் விட்டிருக்கிறது. ஊரில் அவள் வீட்டு வாசலிலும் மீனைக் கொட்டியிருக்கிறார்களாம்.

சரோஜினி மைசூர்பாகைச் சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். 130/80.

அக்டோபர் 22, புதன்

கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான். அவனிடம் விடாதே என்று சொல்லி வைத்திருந்தவன் நான். வண்டியை நிறுத்தாமல் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். வண்டி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

"ரெஜிஸ்டரை அவிய கேப்பாங்கள்ல சார்?"

"கேப்பாங்க."

"அது போதுங்." முகம் தெளிந்துவிட்டது. "அதுல எல்லாமே எழுதிருக்கறனுங். வாளி வெச்ச நாளு, தண்ணி மாத்துன நேரம், வால்வு, நீங்க சொன்னீங்கன்னு, எல்லாம். நீங்க சொன்னாப்பலயே கை பட்டதெல்லாம் எழுதிட்டேன். நீங்க எனக்காவ வந்து பேசோணும்னு இல்லீங். உங்களுக்கும் குடும்பம் இருக்குது. அந்தப் புஸ்தகத்தை மட்டும் பத்திரமா குடுத்துருங் சார்."

"சரி" என்றேன்.

"கோபமா இருக்கறீங்களா சார்? மூஞ்சி செவந்து கெடக்குது. மாத்திரை போட்டீங்களா?"

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. இப்படி ஒருத்தி இருப்பாளா? எழுதியதைத் தன் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளத் தெரியாதா? ஆறு வருடம் என்னிடம் வேலை பார்த்து இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லையே என்று வீடு வரும்வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 30, வியாழன்

அறுபதாம் நாள். பச்சை. வெடி வெடித்தார்கள். வேறொரு ஊரிலிருந்து நல்ல சேறு நான்கு டேங்கரில் வந்து இறங்கியிருக்கிறது. வாளி அதே இடத்தில் இருக்கிறது. குங்குமம் காய்ந்துவிட்டது.

அக்டோபர் 31, வெள்ளி

நிலையத்தின் கூட்ட அறையில் விசாரணை. அதிகாரி ஒருவர், தட்டச்சு செய்ய ஒருவர், செயலாளர், வக்கீல், நான். எதிரே துளசிமணி, தனியாக.

அதிகாரி ரெஜிஸ்டரைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "உங்க கையெழுத்தான்னு பாத்துச் சொல்லுங்கம்மா."

ஆசையாகத்தான் திறந்தாள். தன் வீட்டுச் சாமானை அடுத்த வீட்டில் பார்த்த மாதிரி முகம் மாறியது. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தின் அடிக்கட்டத்தை மட்டும் படித்தாள். கடைசியில் ஒரு இடத்தில் விரல் நின்றது.

"அக்டோபர் நாலாந்தேதி மணிப்பூச்சி பன்னெண்டுன்னு போட்டிருக்குதுங்" என்றாள் அதிகாரியிடம். "அன்னைக்கு ஒண்ணுகூட இல்லீங். அத்தனையும் செத்துப்போச்சு. இது நான் எழுதினதில்லீங்."

"மணிப்பூச்சின்னா என்ன?" என்றார் அதிகாரி.

அவள் சொன்னாள். கையை மணி மாதிரி குவித்து, அது எப்படி ஆடும் என்று காட்டினாள். எப்போது ஆடும், எப்போது நிற்கும், நின்றால் தொட்டிக்கு என்ன அர்த்தம், எல்லாம் சொன்னாள். வாளியையும் சொன்னாள். வக்கீல் இருமினார். அதிகாரி திரையில் எண்களைத் திறந்து பார்த்தார். அக்டோபர் 4, ஆக்சிஜன் 6.9.

"நடுவுல முக்கால் மணி நேரம் ஜீரோ காட்டுது?"

"கழுவி வெச்சிருப்பாங்க" என்றார் வக்கீல்.

"ஏழு கிட்ட ஆக்சிஜன் இருக்கும்மா. இதுல எப்படிப் பூச்சி சாகும்?" தட்டச்சுக்காரரிடம், "பூச்சி விவகாரம் வேண்டாம், விட்டுருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்சார்ஜ் நீங்கதானே? இது இந்தம்மா எழுத்துதானா?"

"ஆமாங்க."

"இந்தக் கணக்கெல்லாம் சரிதானா?"

"சரிதானுங்க. நானும் கூட இருந்து பார்த்தேன்."

துளசிமணி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. காலையில் சொட்டை வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனியும்போது ஒரு கூர்மை வருமே, அதே பார்வை.

"நீங்க எண்ணினீங்களா சார்?"

"எண்ணினேன்" என்றேன்.

தட்டச்சு சத்தம் கேட்டது. அதை எழுதிக்கொண்டார்கள்.

நவம்பர் 3, திங்கள்

130/80.

டாக்டரிடம் போனேன். நோட்டை முதலிலிருந்து புரட்டினார். எழுத்துப் பக்கம் போகவில்லை, எண்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"அக்டோபர்லருந்து பிரமாதமா இருக்குதே! ஒரே சீரா நூத்திமுப்பது, எண்பது. என்ன பண்ணினீங்க?"

"கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டேனுங்க."

பட்டையைச் சுற்றப் போனவர், நோட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சரோஜினி மிஷினைத் துடைத்து மேசையில் வைத்திருந்தாள். அடிமூடி திறந்திருந்தது. "ஏனுங்க, இதுல பேட்டரியே இல்லையே. செப்டம்பர்லயே தீந்துபோச்சுன்னு சொன்னீங்க. தினமும் எதைப் பாத்து எழுதறீங்க?"

மூடியை மூடி அலமாரியில் வைத்தேன்.

நாளைக்கு: 130/80.